மஞ்சள் பூசிய வயல்: ஒரு குறும்படத்தை இரண்டாம் முறை வெட்டிய அனுபவம்

பின்னணி

நான் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன். சினிமாவில் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் பதினாறு வருஷமாக அழுகிற அம்மாக்களையும் அழாமல் நிற்கிற அப்பாக்களையும் டைம்லைனில் போட்டு வெட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் சுற்றுவட்டாரத்தில் யாராவது குறும்படம் எடுத்தால் ஒருமுறை என்னிடம் காட்டிவிட்டுப் போவார்கள். இதுவும் அப்படி வந்ததுதான். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது. குழுவில் நான்கு பேர். இயக்குநருக்கு இருபத்தைந்து வயது, பொறியியல் படித்தவர். ஒளிப்பதிவு செய்தவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவரின் தம்பி. பணம் போட்டது சிங்கப்பூரில் இருக்கும் இயக்குநரின் மாமா. அப்பா வேடத்தில் நடித்தவர் இயக்குநருக்கு உறவில் பெரியப்பா. நிஜத்திலும் விவசாயி, அதற்கு முன் கேமரா முன்னால் நின்றதே இல்லை.

கதை 18 நிமிடம். மனைவியை இழந்த ஒரு விவசாயி. ஆறு மா நிலம், அதாவது ஏறக்குறைய இரண்டு ஏக்கர். மகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான். மறுநாள் பத்திரப்பதிவு, நிலம் கைமாறுகிறது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. கடைசி மாலை அப்பா வயலுக்குப் போய்விட்டு வருகிறார். வசனம் மொத்தமும் ஒரு பக்கம்கூட வராது. ஆக, சொல்ல வேண்டியதையெல்லாம் படம்தான் சொல்லியாக வேண்டும்.

டிசம்பர் முதல் வாரத்தில், மழைக்கு நடுவே கிடைத்த நான்கு நாளில் எடுத்து முடித்தார்கள். வயலில் சம்பா நின்றது. சி.ஆர். 1009 ரகம், கதிர் வெளிவருமுன் சூல் கட்டும் பருவம், கரும்பச்சையாக இருந்திருக்கிறது.

முதல் வெட்டு

முதல் வெட்டில் எனக்குப் பங்கில்லை, பிறகுதான் பார்த்தேன். அதில் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு கருவி வைத்திருந்தார்கள். அவர்கள் கற்றுக்கொண்டதெல்லாம் நல்ல இடங்களிலிருந்துதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய நினைவு என்ற உணர்வுக்காகப் படம் முழுக்கப் பொன்மஞ்சள் கிரேடிங், அதாவது எடிட்டில் நிறத்தை மாற்றுவது. இணையத்தில் இறக்கிய ஒரு லட் (LUT) என்ற ஆயத்த நிறக் கோப்பைப் போட்டுப் பச்சையையெல்லாம் மஞ்சள் பக்கம் இழுத்திருந்தார்கள். துக்கத்துக்கு 85 எம்.எம். லென்ஸில், எஃப் 1.8-ல் (லென்ஸ் துளையை அகலத் திறந்து) பெரியவரின் முகம்: பின்னணி முழுக்கக் கரைந்துபோய், கன்னத்தில் கிளிசரின் கண்ணீர். கம்பீரத்துக்கு வரப்பில் கேமராவைத் தரையோடு வைத்து, சூரியன் அவர் தோளுக்குப் பின்னால் இறங்க, ஸ்லோமோஷனில் அவர் நடந்து வருவது. தனிமைக்குக் கடைசியில் ட்ரோன்: அவர் புள்ளியாகிற வரை மேலே போகும். அடியில் முதலிலிருந்து கடைசி வரை புல்லாங்குழல்.

அப்பாவும் மகனும் இருக்கும் வீட்டுக் காட்சியில் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி க்ளோசப். அதிலும் ஒரு இடத்தில் கேமரா கோடு தாண்டியிருந்தது, அதாவது இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் மறுபக்கம் போயிருந்தது. இரண்டு பேரும் வலது பக்கமே பார்ப்பதால், ஒருவரை ஒருவர் பார்ப்பதற்குப் பதில் மூன்றாவது ஆள் ஒருவரைப் பார்ப்பது போல இருந்தது.

காணும் பொங்கல் அன்று நடந்தது

காணும் பொங்கல் மாலையில் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் திரையிட்டார்கள். அறுபது பேருக்கு மேல் இருக்கும். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கல்யாண ஆல்பம் போட்டுக் காட்டும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. போனை ஓரமாக வைத்துப் பார்க்கிறவர்களின் சத்தத்தைப் பதிவு செய்வேன். அன்றும் செய்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்தப் பதிவுதான் அடிப்படை.

வயல் முதன்முதலில் திரையில் வந்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டது போனில் தெளிவாக விழுந்திருக்கிறது: “என்ன இது, பயிரு இப்படி மஞ்சளிச்சுக் கெடக்கு? ஜிங்க் போடலையா?” அதற்கு மற்றவர், “தழைச்சத்து இல்லப்பா, யூரியா கொறச்சல்.” அவ்வளவுதான், அடுத்த இரண்டு நிமிடம் படம் பயிர் நோய் பற்றிய படமாகிவிட்டது. நிலம் போகிற துக்கம் யாருக்கும் வரவில்லை. இப்படிப் பார்த்துக்கொண்டால் போகாமல் என்ன செய்யும் என்ற எரிச்சல்தான் வந்தது.

சூரியனுக்கு முன்னால் பெரியவர் ஸ்லோமோஷனில் நடந்து வந்தபோது பின்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். கேலியாக அடிக்கவில்லை, உண்மையான உற்சாகத்தில்தான் அடித்தார்கள். தரையிலிருந்து பார்க்கும் கேமரா, மெதுவாக எழும் கால், பின்னொளி எல்லாம் சேர்ந்தால் தமிழ்நாட்டில் பிறந்த எவனுக்கும் அது கதாநாயகன் வருகை. கை தானாக வாய்க்குப் போய்விடும்.

கண்ணீர் க்ளோசப்புக்குக் கூடம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் பதிவைக் கேட்டால் அந்த இடத்தில் இருமலும் நாற்காலி நகர்த்தும் சத்தமும் கேட்கின்றன. ஒரு குழந்தை, “தாத்தா ஏன் அழுவுறாரு?” என்று கேட்கிறது. பதில் சொன்ன சத்தம் பதிவில் இல்லை.

வீட்டுக் காட்சி முடிந்ததும் ஒரு அம்மா சொன்னது இது: “அப்பனும் புள்ளையும் பக்கத்துல பக்கத்துலதானே உக்காந்திருக்காங்க, அப்புறம் என்ன?” க்ளோசப்பில் பின்னணி கரைந்துவிட்டதால் இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

ட்ரோன் ஷாட் வந்தபோதுதான் கூடமே உயிர்பெற்றது. “அதோ நம்ம மோட்டார் கொட்டா.” “அங்க பாரு, உங்க வீட்டு வைக்கப்போர்.” “ஏய், அது யாரு வண்டி?” பெரியவர் புள்ளியாகிற அந்தக் கடைசி நொடியில் அவரைப் பார்த்தவர் ஒருவராவது இருந்திருப்பாரா என்பது சந்தேகம். ஆளாளுக்குத் தங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

படம் முடிந்ததும் கைதட்டினார்கள், பாராட்டினார்கள். ஊர்ப் பையன்கள் எடுத்தது, தட்டாமல் இருப்பார்களா? ஆனால் இயக்குநரின் முகம் விழுந்துவிட்டது. “ஜனங்களுக்கு விஷுவல் லாங்குவேஜ் புரியலண்ணே” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் நம்மைவிடக் கூர்மையாகப் படித்துவிட்டார்கள் என்றுதான் பட்டது. அறுத்துவிட்டுப் பத்திரம் போட்டிருக்கலாமே என்றுகூட ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அது கதைக்கான கேள்வி. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

எங்கே தவறியது

மறுநாள் அந்த ஒலிப்பதிவைப் படத்துக்கு அடியில் டைம்லைனில் வைத்தேன். எந்த ஷாட்டில் சத்தம் ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்று அலைவடிவமாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இயக்குநரையும் ஒளிப்பதிவாளரையும் பக்கத்தில் உட்காரவைத்து மூன்று தடவை ஓட்டினோம்.

நிறத்திலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் எனக்கே நிறைய தெரிய வந்தது. மனிதக் கண்ணுக்கு மற்ற எந்த நிறத்தைக் காட்டிலும் பச்சையைத் தெரிந்துகொள்ளும் திறன் அதிகம். கேமரா சென்சாரில்கூட நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சைக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். இது எல்லோருக்கும் பொதுவானது. டெல்டா விவசாயிக்கோ பச்சை ஒரு கணக்கு. இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகப் பட்டைகள் போட்ட அட்டை. நெற்பயிரின் இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, குறிப்பிட்ட பட்டையைவிட வெளிறியிருந்தால் தழைச்சத்து இட வேண்டும் என்று முடிவு செய்வார்கள். அட்டை இல்லாதவர் வரப்பில் நின்றே அதைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட அறுபது பேர் முன்னால் பச்சையை இரண்டு பட்டை வெளிற வைத்துக் காட்டியிருக்கிறோம். பட்டணத்துக்காரர்களுக்குப் பொன்மஞ்சள் என்றால் தாத்தா வீட்டு மாலை நேரமாக இருக்கலாம். இங்கே சூல் கட்டும் பயிர் மஞ்சளித்தால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

இதில் ஒரு பங்கு சுவருக்கும் உண்டு. கூடத்தின் சுவர் க்ரீம் டிஸ்டெம்பர். நேராகச் சுவரில் புரொஜெக்டர் அடித்ததால் மஞ்சளுக்கு மேல் மஞ்சள் ஏறியிருக்கிறது. என் மானிட்டரில் பார்த்தபோது அவ்வளவு மோசமாக இல்லை. ஆனால் தப்பு முழுவதையும் சுவர்மேல் போட முடியாது.

அடுத்தது லென்ஸ். 85-ல் பின்னணியைக் கரைத்தபோது முகம் அழகாக வந்தது, இடம் தொலைந்துபோனது. அந்த மனிதர் எதை இழக்கிறாரோ அதையே படத்திலிருந்து துடைத்துவிட்டு, அவர் அழுவதை மட்டும் காட்டினோம். அந்தக் குழந்தை கேட்டது சரியான கேள்வி.

டீக்கடைச் சோதனை

இயக்குநர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியப்பாவுக்கு நடிப்பு வராது, கண்ணீர் இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது என்றார். அவர்கள் எடுத்திருந்த காட்சிகளையெல்லாம் நான் மறுபடி பார்த்தேன். கண்ணீர் க்ளோசப்பின் மூன்றாவது டேக்கில் ‘ஆக்ஷன்’ சொல்வதற்கு முன்னால் ஒரு ஆறு நொடி இருந்தது. கேமரா ஓடுவது தெரியாமல் பெரியவர் சும்மா எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு விசாரித்ததில், வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அந்த ஆறு நொடியை மூன்று விதமாக வெட்டினேன். ஒன்றில் அடுத்த ஷாட் வயல். இன்னொன்றில் விமான நிறுவனச் சீட்டு ஒட்டிய சூட்கேஸ். மூன்றாவதில் முத்திரைத்தாள். போனில் போட்டு, டீக்கடையில் படத்தைப் பார்த்திராத சிலருக்கு ஆளுக்கு ஒன்றாகக் காட்டினோம். வயலோடு பார்த்தவர், “பயிரு நல்லா வந்திருக்குன்னு பெருமையா பாக்குறாரு” என்றார். சூட்கேஸோடு பார்த்தவர், “புள்ள கெளம்புறான் போல, மனசுல வச்சிக்கிட்டு நிக்கிறாரு.” முத்திரைத்தாளோடு பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “யாரோ ஏமாத்திட்டாங்க” என்றார். மூன்றிலும் ஒரே முகம்தான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பு ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்து பார்த்ததாகச் சொல்லப்படும் சோதனை. மொஸ்ஜூகின் என்ற நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று மூன்றோடு ஒட்டிக் காட்டியதில், பசி, துயரம், ஆசை என்று பார்த்தவர்கள் அவர் நடிப்பைப் புகழ்ந்தார்களாம். கல்யாண வீடியோவில் நாங்கள் தினமும் செய்வதும் இதுதான். பெண்ணின் அப்பா சாம்பாருக்காகச் சமையல்காரரைத் தேடிப் பார்த்த பார்வையைத் தாலி கட்டும் ஷாட்டுக்கு அடுத்து வைத்தால், வீடே அழும்.

இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது துண்டை மட்டும் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

எடுத்த முடிவுகள்

கண்ணீர் ஷாட் வேண்டாம் என்று முடிவானது. கிளிசரின் போட்டு இரண்டு மணி நேரம் கண் எரிந்தது பெரியப்பாவுக்குத்தான், அவரே “விட்டுத் தொலைங்கப்பா” என்றார். அதற்குப் பதில் அந்த ஆறு நொடி, அடுத்து முத்திரைத்தாள். கிரேடிங்கில் பச்சையைத் தொடுவதில்லை. தரையோடு வைத்த ஸ்லோமோஷன் ஷாட் போய்விட்டது. அதே நடையைப் பக்கத்து வரப்பிலிருந்து ஆள் உயரத்தில் சாதாரண வேகத்தில் எடுத்தது இருந்தது, அதைப் போட்டோம். பக்கத்து வயல்காரர் பார்ப்பது போலத் தெரிந்தால் போதும் என்பது எண்ணம்.

இசையில் நிறைய சண்டை நடந்தது. முடிவில் தலைப்பில் மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்தோம்.

ட்ரோனை நான் தூக்கிவிடலாம் என்றேன். மாமா சிங்கப்பூரிலிருந்து போனில் வந்துவிட்டார். வாடகை கொடுத்தது அவர். எடுத்ததைப் போடாமல் விட்டால் எப்படி என்று கேட்டார். வேறு வழியில்லாமல் அதைப் படத்தின் தொடக்கத்துக்கு, தலைப்புக்கு அடியில் நகர்த்தினோம். அது நான் மனமில்லாமல் செய்த சமரசம்.

புதிதாக எடுக்க வேண்டியவை இரண்டு: வீட்டுக் காட்சியும் முடிவும். முடிவுக்கு என்ன என்று பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர்தான் கேட்டார்: “சாயங்காலம் வயலுக்குப் போறவன் சும்மாவா திரும்பி வருவான்? மடைய அடச்சிட்டுல்ல வருவான்?” மடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் வாய். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் நாள் இல்லை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதே எடுத்தாக வேண்டும். அதற்குள் அந்த ஆறு மா சம்பாவும் அறுவடையாகிவிட்டது. இரண்டு வயல் தள்ளி ஒருவருடைய தாளடி (குறுவை அறுத்த பிறகு நடும் பயிர்) இன்னும் பச்சையாக நின்றது. அவரிடம் கேட்டு ஜனவரி 22, 23 இரண்டு நாள் வாங்கினோம்.

இரண்டு நாள் படப்பிடிப்பு

முதல் நாள் வீடு. பழைய ஓட்டு வீடு, வாசலில் நின்று பார்த்தால் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை வரை ஒரே நேர்க்கோடாகத் தெரியும். மகனை வாசல் திண்ணையில் உட்காரவைத்தோம், அப்பாவைக் கொல்லைப்புற வாசற்படியில். கேமரா மகனின் தோளுக்குப் பின்னால், 24 எம்.எம். லென்ஸ். நடுவில் மூன்று நிலைவாசல், ஒன்றுக்குள் ஒன்றாக. அப்பா கடைசிச் சட்டத்துக்குள் கட்டைவிரல் அளவில் உட்கார்ந்திருக்கிறார். வைட் லென்ஸ் தூரத்தைக் கூட்டும் என்று சொல்வார்கள். சரியாகச் சொன்னால் அதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, கேமரா எங்கே நிற்கிறது என்பதுதான். 24 போட்டால் முன்னால் இருப்பவரை ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது, அதனால் அவர் பெரிதாகி, பின்னால் இருப்பவர் எங்கோ போய்விடுகிறார். ஒரே ஷாட், ஒரு நிமிடம் பத்து நொடி, வெட்டே இல்லை. கோடு தாண்டும் பிரச்சினையும் இதோடு தீர்ந்தது.

தொல்லை கொடுத்தது முற்றத்து வெயில். உச்சி வெயில் நேரே விழுந்து படச்சட்டத்தின் நடுவில் வெள்ளைக் கட்டமாக எரிந்தது. 1956-ல் அபராஜிதோ படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டபோது, சுப்ரதோ மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்கை அதில் அடித்து, வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். எங்களுக்கு வானமே இருந்தது, வெளிச்சம்தான் அதிகம். இரண்டு எட்டு முழ வேட்டியைச் சேர்த்து முற்றத்தின் மேல் கட்டினோம். கூடத்துச் சுவரில் நிழலின் ஓரம் மென்மையாகிவிட்டது. ஒரு வேட்டியில் கரை இருந்ததால் தரையில் மெல்லிய கோடு ஒன்று விழுகிறது. தெரிந்தே விட்டுவிட்டோம்.

இரண்டாம் நாள் மாலை மடை. முதலில் இலை வண்ண அட்டையைப் பயிர் பக்கத்தில் பிடித்து ஒரு ஷாட் எடுத்துக்கொண்டோம், கிரேடிங்கில் பச்சையைச் சரிபார்க்க. ஸ்டுடியோக்காரர்கள் இதற்கென்று விலை கொடுத்து வண்ண அட்டை வாங்குவார்கள். நெல் வயலுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

கேமராவை வரப்பின்மேல் சாக்கு போட்டு வைத்தோம். 50 எம்.எம்., சட்டத்தில் பெரியவரின் முழங்காலுக்குக் கீழே, கைகள், தண்ணீர், அவ்வளவுதான். முகம் வேண்டாம் என்று இயக்குநரே சொன்னார். முகம் வந்தால் அது விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பது அவர் காரணம். ஒரு வாரத்துக்கு முன் கிளிசரினுக்காகச் சண்டை போட்டவர் அவர்.

பெரியவர் வாய்க்காலில் இறங்கினார். மண்வெட்டியால் வரப்பைத் தொடாமல், வாய்க்கால் தரையிலிருந்து ஒரு கட்டிக் களிமண் வெட்டி மடை வாயில் வைத்தார். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஓடியது. இன்னொரு கட்டி. குதிகாலால் அழுத்தினார். வரப்பில் கிடந்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்து மேலே வைத்து மூன்றாவது கட்டி மண். ஓடிய தண்ணீர் விரல் பருமனானது, பிறகு கசிவானது, பிறகு மண் ஈரமாக மின்னியது மட்டும்தான். மண்வெட்டியின் பின்புறத்தால் இரண்டு தட்டு. 48 நொடி. சலசலவென்று இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நின்ற இடத்தில் தூரத்து டிராக்டர் ஒன்று கேட்க ஆரம்பித்தது. அதுவரையும் அந்த டிராக்டர் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கட் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முடிந்தது என்று நினைத்துப் பெரியவர் மண்வெட்டியை வாய்க்கால் தண்ணீரில் அலசினார். தகட்டில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் வழித்தார், பிடியைக் கழுவினார், கால் கழுவினார், சட்டத்தை விட்டுப் போனார். தண்ணீரில் கலங்கல் மட்டும் மிச்சம். அதுதான் படத்தின் கடைசி ஷாட் ஆனது.

இரண்டாம் திரையிடல்

மாசி மகத்துக்கு ஊர் கூடியபோது மறுபடி காட்டினோம். இந்த முறை சுவர் இல்லை. ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைத் திருப்பிக் கட்டினோம், பின்பக்கம் நல்ல வெள்ளை. போன் பழையபடி ஓரத்தில்.

ட்ரோன் ஷாட்டுக்கு அதே கூச்சல், அதே மோட்டார் கொட்டா. ஆனால் இப்போது அது தொடக்கத்தில் இருந்ததால், தேட வேண்டியதையெல்லாம் தேடி முடித்து, ஊர் இன்னதென்று தெரிந்துகொண்டு, சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் வயல் வரும்போது யாரும் இடத்தைத் தேடவில்லை. மாமா சொன்னது சரியாகிவிட்டது. நான் அவரிடம் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பயிரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வீட்டு ஷாட்டில் ஒரு நிமிடம் பத்து நொடி என்பது நீளமாக இருக்குமோ என்று பயந்தேன். நாற்பதாவது நொடி வாக்கில் ஒரு ஆண் குரல் மெதுவாக, “போய்ப் பேசேன்டா” என்கிறது. மகனிடம் சொல்கிறார்.

மடை ஷாட்டில் பதிவு முழுக்க ஃபேன் சத்தம்தான். தண்ணீர் நின்ற நொடிக்குச் சற்றுப் பிந்தி ஒரு வயதான அம்மா, “அடச்சிட்டாரு” என்றார். வேறு சத்தம் இல்லை.

குறையும் இருந்தது. கூடத்தை விட்டு வெளியே வந்ததும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். முதலில் காட்டியது சி.ஆர்., கடைசியில் நிற்கிற பயிர் வேறு, உயரமே பத்தவில்லை, அது யார் வயல் என்று எங்களுக்குத் தெரியாதா என்று. தெரியாது என்று நினைத்துத்தான் எடுத்தோம்.

சென்னையில்

ஏப்ரலில் சென்னையில் ஒரு குறும்படப் போட்டிக்குப் போனது. பரிசு வரவில்லை, அது இருக்கட்டும். பார்த்தவர்கள் சொன்னதுதான் முக்கியம். மூன்று நிலைவாசல் ஷாட்டை எல்லோரும் பாராட்டினார்கள். கடைசி ஷாட்டில் அவர் என்ன செய்கிறார் என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் உடைப்பைச் சரிசெய்கிறார் என்று நினைத்திருக்கிறார், அதாவது நிலத்தை விற்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார், சுபமான முடிவு என்று. இயக்குநர் எனக்குப் போன் செய்து இதைச் சொல்லும்போது சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் சொன்னார்.

இது அவர்கள் குறையல்ல. பாய்ச்சல் முடிந்தால் மடையை அடைப்பார்கள் என்பது தெரியாதவருக்கு அது மண்ணைக் குழைக்கும் இரண்டு கைகள், அவ்வளவுதான். முதல் வெட்டு ஊருக்குப் புரியவில்லை என்று திருத்தப் போனவன் நான். ஊரின் கண்ணிலேயே நின்று வெட்டியதில், ஊருக்கு வெளியே ஒரு கண் இருப்பதை மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

இனி மாற்றுவது

முதல் பத்து நொடியிலேயே மடை திறப்பதைக் காட்டியிருக்க வேண்டும். விளக்கம் தேவையில்லை. ஒருமுறை மண்ணை விலக்கித் தண்ணீர் வயலுக்குள் போவதைப் பார்த்துவிட்டால், எந்த ஊர்க்காரரானாலும் கடைசியில் அதே கை அதை அடைக்கும்போது என்ன நடக்கிறது என்று பிடித்துக்கொள்வார். அதே இடம், அதே 50, அதே சாக்கு.

அடுத்த படத்துக்கு நிறத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே பேசிவிடுவது என்று வைத்திருக்கிறோம். முதல் வெட்டை இசை இல்லாமல்தான் பார்ப்பது என்பது இயக்குநரின் விதி, எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. போனை ஓரத்தில் வைக்கும் பழக்கத்தை நான் விடப்போவதில்லை. ஊரில் ஒருமுறை, வெளியில் ஒருமுறை என்று இரண்டு இடத்திலும் வைக்க வேண்டும்.

ஜூலை

அந்த வருஷம் ஜூன் 12-லேயே மேட்டூர் திறந்தார்கள். கடைமடைப் பக்கம் தண்ணீர் வந்து சேர்ந்து வாய்க்கால் நிறைந்த பிறகு, ஜூலையில் ஒரு காலை நேரத்தில் போய் நின்றோம். நான், இயக்குநர், ஒளிப்பதிவாளர், பெரியவர். இந்த முறை அவருடைய சொந்த வயலிலேயே, வேறு பயிர் நிற்கிறதென்று யாரும் பிடிக்க முடியாது.

இறங்கி, மண்வெட்டியால் ஒரே இழுப்பு. மண் விலகியது, தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே போனது. பதினொரு நொடி. ஒளிப்பதிவாளர் ஃபோகஸ் கொஞ்சம் தவறிவிட்டது என்றார். இன்னொரு டேக் போகலாமா என்று இயக்குநர் கேட்டார், மடையை மறுபடி அடைத்துவிட்டுத் திறக்க வேண்டும்.

பெரியவர் வயலைப் பார்த்துக்கொண்டே, “பாயட்டும்ப்பா. அடுத்த மொறைக்கு நாலு நாளு ஆவும், அப்ப வாங்க” என்றார்.

நான்கு நாள் கழித்துப் போனோம்.